கார் இல்லாமல் துணைநகரத்துக்குக் குடிபோகலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். நீங்கள், மனைவி, 9 வயது மகள், 2 வயது மகன், கூடவே உங்கள் அம்மா. நகரத்தில் இப்போது இருக்கும் வீடு போதவில்லை. ரயிலில் 50 நிமிடத் தொலைவில் புதிதாக எழும்பி வரும் ஒரு துணைநகரத்தில், இதே பணத்துக்கு இரண்டு அறை கூடுதலாக உள்ள வீடு கிடைக்கிறது. உங்களுக்கு வாரம் ஐந்து நாளும் மனைவிக்கு மூன்று நாளும் நகரத்தில் வேலை. கார் இல்லை, இருவருக்கும் ஓட்டத் தெரியாது, வாங்கும் எண்ணமும் இல்லை. 'கார் இல்லாமல் அங்கே வாழவே முடியாது என்கிறார்கள், உண்மைதானா?' என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் கடிதத்தில் பாதிக்கு மேல் ரயிலைப் பற்றியே இருக்கிறது. எத்தனை மணிக்கு ஏறுவது, உட்கார இடம் கிடைக்குமா, மாத பாஸ் எவ்வளவு என்றெல்லாம். கடைசி வரியில்தான் 'அம்மாவும் குழந்தைகளும் அங்கே மாட்டிக்கொள்வார்களோ என்று பயமாக இருக்கிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். என் பார்வையில் அதுதான் உங்கள் உண்மையான கேள்வி. ரயிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட்டு மீதியை அதற்கே ஒதுக்குகிறேன்.

நான் பேருந்து வழித்தடங்களையும் கால அட்டவணைகளையும் வகுக்கும் வேலையில் நெடுங்காலம் இருந்தவன். புதுக் குடியிருப்புகளுக்கு வண்டி விடுவது எங்கள் பிரிவின் பொறுப்பு. எங்கள் வீட்டிலும் கார் கிடையாது, பிள்ளைகளை அப்படித்தான் வளர்த்தோம். அதனால் அட்டவணை போடுகிறவன் பக்கமும் தெரியும், நிறுத்தத்தில் குழந்தையோடு நிற்கிறவன் பக்கமும் தெரியும். ஆனால் உங்கள் ஊரை நான் பார்த்ததில்லை. நான் சொல்வதில் கணக்கு சார்ந்தது எல்லா ஊருக்கும் பொருந்தும். மற்றதை அங்கே போய் நின்று நீங்களேதான் சரிபார்க்க வேண்டும்.

துணைநகரம் எதற்காகக் கட்டப்படுகிறது? காலையில் ஆட்களை நகரத்துக்கு அனுப்பி, மாலையில் திரும்பக் கூட்டிவர. ரயில், நிலையத்துக்கு வரும் பேருந்து, சைக்கிள் நிறுத்துமிடம் எல்லாம் அந்த ஒரு பயணத்தை மனதில் வைத்தே அமைகின்றன. அதனால் உங்கள் வேலைப் பயணம், கார் இல்லாமல் செய்யக்கூடியவற்றிலேயே சுலபமானது. கார் வைத்திருப்பவர்கள்கூட அதற்கு ரயிலில்தான் போவார்கள். சிக்கல் மற்ற பயணங்களில் இருக்கிறது: முற்பகல் 11 மணிக்கு மருத்துவரிடம் போவது, காப்பகத்திலிருந்து குழந்தையைக் கூட்டிவருவது, மகளின் மாலை வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை உறவினர் வீடு, தீர்ந்துபோன மாத்திரை. இனெஸ் சான்செஸ் தெ மதாரியாகா என்ற ஸ்பானிய நகரத் திட்டவியலாளர், பிறரைப் பராமரிப்பதற்காகச் செய்யும் இந்தப் பயணங்களையெல்லாம் தனி வகையாகச் சேர்த்து எண்ண வேண்டும் என்று வலியுறுத்தியவர். பொதுவான கணக்கெடுப்புகளில் இவை கடைக்குப் போவது, துணைக்குப் போவது, சொந்த வேலை என்று சிதறிக் கிடப்பதால் கண்ணில் படுவதில்லை. ஒன்றாகக் கூட்டினால் வேலைப் பயணத்துக்கு அடுத்து நிற்கும் அளவுக்குப் பெரிதாகிவிடும். இவற்றில் பெரும்பாலானவை பெண்கள் தலையில் விழுகின்றன. உங்கள் வீட்டில் அது மனைவி, அம்மா இருவர் தலையிலும் விழும். எனவே முடிவை நீங்கள் மட்டும் எடுக்காதீர்கள்.

சரி, ரயில். 50 நிமிடம் என்பது வண்டிக்குள் இருக்கும் நேரம். வீட்டிலிருந்து நிலையத்துக்கு 12 நிமிட நடைதான் என்று வைத்துக்கொண்டாலும், நடைமேடையில் 8 நிமிடம், அந்த முனையில் அலுவலகத்துக்கு 10 நிமிடம் என்று கூட்டினால் 80. போக வர 2 மணி 40 நிமிடம். சராசரியாக மனிதர்கள் நாளொன்றுக்குச் சுமார் ஒரு மணி நேரத்தைப் பயணத்துக்குச் செலவிடுகிறார்கள் என்று இத்தாலிய இயற்பியலாளர் சேசரே மார்க்கெட்டி 1994-ல் எழுதினார். அது சராசரிதான், சட்டம் அல்ல. ஆனாலும் நீங்கள் அதைப்போல இரண்டரை மடங்குக்கு மேல் போகப் போகிறீர்கள் என்று தெரிந்தே போங்கள். உளவியலாளர் டேனியல் கானமன் குழுவினர் டெக்சஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் ஒரு நாளை நிகழ்வு நிகழ்வாக நினைவுகூரச் சொல்லி, 2004-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். காலையில் வேலைக்குப் போகும் பயணம்தான் மகிழ்ச்சி மிகக் குறைந்த நேரமாக வந்தது. ப்ரூனோ ஃப்ரை, அலோய்ஸ் ஸ்டுட்சர் என்ற பொருளியலாளர்கள் ஜெர்மானியத் தரவுகளைப் பார்த்தபோது, பயண நேரம் கூடக் கூட வாழ்க்கைத் திருப்தி குறைவதைக் கண்டார்கள். பெரிய வீடும் கூடுதல் சம்பளமும் அந்தக் குறையை முழுவதும் ஈடுகட்டவில்லை. இதை வைத்து உங்களுக்கும் அப்படித்தான் ஆகும் என்று நான் சொல்ல மாட்டேன். ரயிலில் உட்கார்ந்து படிக்க முடிகிறவருக்கும், நின்றுகொண்டே நெரிசலில் போகிறவருக்கும் அந்த 50 நிமிடம் ஒன்றல்ல. உங்கள் நிலையத்திலிருந்தே வண்டி புறப்படுகிறதா, இல்லை ஏற்கனவே நிரம்பி வருகிறதா என்று பாருங்கள். பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

இனி உறுதியாகச் சொல்லக்கூடியவற்றுக்கு வருகிறேன். முதலாவது, ஊரைத் தேர்ந்தெடுக்காதீர்கள், வீட்டைத் தேர்ந்தெடுங்கள். ஒரே துணைநகரத்தில் நிலையத்திலிருந்து 700 மீட்டரில் இருப்பவர் கார் இல்லாமல் நிம்மதியாக வாழ்வார். 3 கிலோமீட்டரில் இருப்பவர் இரண்டே மாதத்தில் ஓட்டுநர் பயிற்சிக்குப் பணம் கட்டுவார். சாதாரணமாக ஒரு பெரியவர் நிமிடத்துக்கு 80 மீட்டர் நடப்பார். ஜப்பானில் வீட்டு விளம்பரத்தில் 'நிலையத்திலிருந்து இத்தனை நிமிடம்' என்று போட வேண்டுமானால் சாலை வழியாக 80 மீட்டருக்கு ஒரு நிமிடம் என்று கணக்கிட வேண்டும், மீதி மீட்டர் இருந்தால் அதையும் முழு நிமிடமாகச் சேர்க்க வேண்டும். அங்கேயே ஏற்றமும் சிக்னலில் நிற்பதும் கணக்கில் வராது. விதியே இல்லாத இடத்தில் விற்பவர் சொல்லும் 'பத்து நிமிடம்' எதை வைத்து என்று கேளுங்கள். வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்த நேர்க்கோடாக இருக்கலாம். கட்டம் கட்டமாகத் தெருக்கள் ஓடும் ஊரில் நடைத்தூரம் அந்தக் கோட்டைவிட 41 சதவீதம் வரை கூடும். புதுக் குடியிருப்புகளில் தெருக்கள் வளைந்து வளைந்து போய் முட்டுச்சந்தில் முடியும், நடுவில் மதில் வேறு. அங்கே இன்னும் கூடும். பக்கத்து வீதி கண்ணுக்குத் தெரியும், போய்ச்சேரக் கால் மணி நேரம் ஆகும்.

உங்கள் அம்மாவின் நடை 80 மீட்டர் வேகமாக இருக்காது. அமெரிக்காவில் பாதசாரி சிக்னலுக்கு நொடிக்கு 4 அடி என்று வைத்திருந்த நடைவேகத்தை 2009-ல் 3.5 அடியாகக் குறைத்தார்கள். முதியவர்கள் நடுச்சாலையில் அகப்படாமல் கடக்க வேண்டும் என்பதுதான் காரணம். ஆக உங்களுக்கு 10 நிமிடம் என்றால் அவருக்கு 15 என்று வையுங்கள். வழியில் உட்கார ஓரிடமாவது வேண்டும். புது ஊர்களில் மரம் வளர்ந்திருக்காது, பெஞ்சும் இருக்காது. இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்காதீர்கள். நகரத்தில் தினம் கீழே இறங்கிப் போய்வந்த எத்தனையோ பெரியவர்கள் புது ஊருக்குப் போனபின் வீட்டோடு அடைந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு உடம்பு முடியாமல் போகவில்லை. போய்வர ஓர் இடம் நடைதூரத்தில் இல்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது, பேருந்து. இங்கேதான் என் தொழில் உங்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன். 'அடிக்கடி பஸ் உண்டு' என்று யார் சொன்னாலும் கால அட்டவணையைக் கையில் வாங்குங்கள். காலை 7 முதல் 9 வரை உள்ள பகுதியை முதலில் பார்க்காதீர்கள், அது எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். 10 மணியிலிருந்து 3 மணி வரை விரலை வைத்துக் கீழே இறங்குங்கள். இரண்டு வண்டிக்கு நடுவே அரை மணி நேரத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் பகலில் அந்தப் பேருந்தை நம்பி அம்மா வெளியே கிளம்ப மாட்டார். அப்புறம் அடிக்குறிப்புகள். நேரத்துக்குப் பக்கத்தில் ஓர் எழுத்தோ நட்சத்திரக் குறியோ இருக்கும். கீழே போய்ப் பார்த்தால் 'பள்ளி நாட்களில் மட்டும்', 'சனி ஞாயிறு இல்லை' என்று இருக்கும். நல்ல நேரங்களில் ஓடுகிற வண்டிகள் விடுமுறை நாட்களில் மறைந்துபோவது அந்தக் குறிகளால்தான். அடுத்தது கடைசி வண்டி. ஊரிலிருந்து கிளம்பும் கடைசி வண்டியைப் பார்ப்பதைவிட, ரயில் நிலையத்திலிருந்து உங்கள் தெருவுக்கு வரும் கடைசி வண்டி எது என்று பாருங்கள். கடைசி ரயில் வந்து சேருவதற்கு முன்பே பேருந்து நின்றுவிடும் ஊர்கள் நிறைய உண்டு.

இன்னொன்றை வெளியாட்கள் கவனிப்பதே இல்லை: வழித்தடத்தின் வடிவம். புதுக் குடியிருப்புகளில் செலவைக் குறைக்க ஒரே வண்டியை வட்டமாக, ஒரே திசையில் சுற்றவிடுவோம். நிலையத்திலிருந்து கிளம்பி, எல்லாத் தெருவையும் தொட்டு, மறுபடி நிலையத்துக்கு வரும். உங்கள் நிறுத்தம் வட்டத்தின் தொடக்கத்தில் இருந்தால் வீட்டுக்கு வர 6 நிமிடம், நிலையத்துக்குப் போக 25 நிமிடம். காலையில் ரயிலைப் பிடிக்க அந்த 25 நிமிடமும் ஊரைச் சுற்ற வேண்டும். வரைபடத்தில் அம்புக்குறி ஒரே பக்கம் போகிறதா என்று பார்த்துவிடுங்கள். அதேபோல வண்டி ஒழுங்காக வருகிறதா என்பதும் எத்தனை வண்டி என்பதற்குச் சமமான விஷயம். 20 நிமிடத்துக்கு ஒன்று சரியாக வந்தால், நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்குப் போகிறவர் சராசரியாக 10 நிமிடம் காத்திருப்பார். அதே எண்ணிக்கை வண்டிகள் 5 நிமிடம், 35 நிமிடம் என்று மாறி மாறி வந்தால் சராசரி ஏறக்குறைய 16 நிமிடமாகிவிடும், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் அந்த நீண்ட இடைவெளியில்தான் வந்து மாட்டுவார்கள். ரயில் 5 நிமிடம் தாமதமானால் பேருந்து காத்திருக்குமா, இல்லை கிளம்பிவிடுமா என்பதை அங்கே தினமும் போய்வருகிற யாரிடமாவது கேளுங்கள். அட்டவணையில் அது எழுதியிருக்காது. அரை மணிக்கு ஒரு வண்டி உள்ள ஊரில் அந்த 5 நிமிடத் தாமதம் அரை மணித் தாமதமாக வீட்டுக்கு வரும்.

மூன்றாவது, வரப்போவதை நம்பிப் போகாதீர்கள். 'இரண்டாம் கட்டத்தில் மருத்துவமனை, பேருந்து முனையம் எல்லாம் வருகிறது' என்று விளம்பரத் தாளில் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வரலாம். எப்போது என்பதுதான் கேள்வி. டோக்கியோவின் மேற்கே டாமா புதுநகரத்தில் 1971-ல் மக்கள் குடியேறத் தொடங்கினார்கள், ரயில் 1974-ல்தான் வந்தது. இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் 1967-ல் புதுநகரமாக அறிவிக்கப்பட்டது, நகர மையத்தின் ரயில் நிலையம் 1982-ல் திறந்தது. நெதர்லாந்தின் அல்மேரேயில் முதல் குடும்பங்கள் 1976-ல் குடியேறின, ரயில் 1987-ல் வந்தது. இவை ஏமாற்றுத் திட்டங்கள் அல்ல, பொறுப்பான அரசுகள் திட்டமிட்டுக் கட்டிய ஊர்கள். அப்படியிருந்தும் அல்மேரேக்கு 1976-ல் கைக்குழந்தையோடு போன குடும்பத்தில் ரயில் வந்தபோது அந்தக் குழந்தைக்கு 11 வயது. இதற்கு நேர்மாறாக, ஸ்டாக்ஹோம் புறநகரான வெல்லிங்பியில் 1952-லேயே மெட்ரோ ஓடத் தொடங்கியது, ஊரின் மையம் 1954-ல்தான் திறந்தது. முதலிலேயே ரயில் இருந்தால் கடைகளும் வீடுகளும் நிலையத்தைச் சுற்றியே எழும். பிற்பாடு வந்தால் ஊர் அதற்குள் கார் ஓட்டும் ஊராகப் பழகியிருக்கும்.

பேருந்துக்கு வேறொரு தடையும் உண்டு. வீடு கட்டும் நிறுவனம் சாலைகளை முடித்து உள்ளாட்சியிடம் ஒப்படைக்கும் வரை பல இடங்களில் பேருந்து உள்ளே நுழையாது. எங்கள் பிரிவிலேயே ஒரு குடியிருப்புக்கு வண்டி தயார், ஓட்டுநர் தயார், திரும்பும் வளைவு மட்டும் சரியில்லை என்று நிறுத்திவைத்திருந்தோம். சில நாடுகளில் கட்டுமான நிறுவனம் முதல் சில ஆண்டுகளுக்கு மட்டும் பேருந்துக்குப் பணம் தரும், அந்தக் காலம் முடிந்ததும் வண்டி நிற்கலாம். எனவே இரண்டு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: சாலைகள் ஒப்படைக்கப்பட்டுவிட்டனவா, இப்போது ஓடும் பேருந்துக்கு யார் பணம் தருகிறார்கள், எதுவரை? இன்றைக்கு என்ன ஓடுகிறதோ அதை வைத்து முடிவெடுங்கள். பிறகு கூடினால் லாபம்.

இப்போது குழந்தைகள். உங்கள் திட்டத்தில் மிகவும் பலவீனமான கண்ணி மனைவி நகரத்துக்குப் போகும் அந்த மூன்று நாட்கள். நீங்கள் இருவரும் ஒரே ரயில் பாதையில் இருப்பீர்கள். பாதையில் கோளாறு என்றால் இருவருமே வர முடியாது. காப்பகம் 6 மணிக்கு மூடுகிறது, வண்டி 5:40-க்கு வர வேண்டியது, 20 நிமிடம் தாமதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கார் உள்ள குடும்பத்துக்கும் இந்தச் சிக்கல் உண்டுதான், ஆனால் அவர்களுக்கு ஒரு மாற்று வழி இருக்கிறது. உங்களுக்கு மாற்று வழி அம்மாதான். அவரால் காப்பகம் வரை நடந்து போய், 2 வயதுக் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் திரும்ப முடியுமா? முடியுமென்றால் கார் இல்லாத வாழ்க்கையின் மிகப் பெரிய ஓட்டை அடைபட்டுவிட்டது. முடியாதென்றால் காப்பகம் வீட்டுக்கு வெகு அருகில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதே ஊரில் நாள் முழுக்க இருக்கிற, கூப்பிட்டால் போகக்கூடிய ஒருவரை முன்கூட்டியே ஏற்பாடு செய்து காப்பகத்தில் அவர் பெயரைப் பதிந்துவைக்க வேண்டும். நகரத்தில் அலுவலகத்துக்குப் பக்கத்தில் காப்பகம் பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நெரிசல் வண்டியில் தினமும் 50 நிமிடம் குழந்தையோடு போவது ஒருபுறம். மனைவி வீட்டிலிருக்கும் இரண்டு நாளும் நீங்கள் ஒருவரே குழந்தையைக் கூட்டிப்போய்க் கூட்டிவர வேண்டும்.

மகளைப் பற்றி நீங்கள் அதிகம் எழுதவில்லை, ஆனால் இந்த முடிவால் நீண்ட காலம் பாதிக்கப்படப் போவது அவள்தான். இன்றைக்கு 9. கண்மூடித் திறப்பதற்குள் 13. தோழி வீட்டுக்கும் நூலகத்துக்கும் தானே போய்வர ஆசைப்படும் வயது. இங்கிலாந்தில் மேயர் ஹில்மன் குழுவினர் செய்த ஆய்வில், 7, 8 வயதுப் பிள்ளைகளில் பெரியவர் துணையில்லாமல் பள்ளிக்குப் போனவர்கள் 1971-ல் 80 சதவீதம், 1990-ல் 9 சதவீதம். சாலையில் வாகனங்களைக் கண்ட பயம்தான் பெற்றோர் சொன்ன முக்கியக் காரணம். ஒரு பிள்ளை தனியாகப் போக முடியாத ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பெரியவர் கூடப் போக வேண்டும், கார் இல்லாத வீட்டில் அது இரட்டிப்பு நேரம். நெதர்லாந்தின் ஹௌட்டன் என்ற ஊரில் பேட்டைக்குப் பேட்டை சைக்கிளில் நேராகப் போகலாம், காரில் போனால் வெளிவட்டச் சாலைக்குப் போய்ச் சுற்றித்தான் வர வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் பிள்ளைகள் தாங்களாகவே போய்வருவார்கள். உங்கள் ஊர் ஹௌட்டனாக இருக்க வேண்டியதில்லை. வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே அகலமான, வேகமாக வண்டி ஓடும் சாலை குறுக்கிடுகிறதா என்று மட்டும் பாருங்கள். குறுக்கிட்டால் அவளுக்கு எந்த வயதுவரை துணை தேவைப்படும் என்று நீங்களும் மனைவியும் உட்கார்ந்து பேசுங்கள்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது விற்பவரின் காரில் போகாதீர்கள். ஒரு வாரநாள் மாலை, நீங்கள் வழக்கமாக வரப்போகும் ரயிலிலேயே வந்து இறங்குங்கள், குடும்பத்தோடு, தள்ளுவண்டியோடு. நிலையத்தில் லிஃப்ட் வேலை செய்கிறதா? இல்லாவிட்டால் தள்ளுவண்டியை யார் தூக்குவார்கள், குழந்தையை யார் தூக்குவார்கள்? நடைபாதை எவ்வளவு தூரம் போய் நின்றுவிடுகிறது? தெருமுனையில் நடைபாதை சாலையோடு சரிந்து இறங்குகிறதா, இல்லை ஒரு சாண் உயரத்தில் வெட்டினாற்போல் நிற்கிறதா? அப்படி இருந்தால் முன்சக்கரம் இடித்து நிற்கும், வண்டியைத் திருப்பிப் பின்சக்கரத்தில் இறக்க வேண்டியிருக்கும், ஒவ்வொரு முனையிலும். சுரங்கப்பாதை இருந்தால் இருட்டிய பின் உங்கள் மனைவி அதில் தனியாக வருவாரா என்று அவரிடமே கேளுங்கள். மழையில் ஒருமுறை வர முடிந்தால் ரொம்ப நல்லது, தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று தெரிந்துவிடும். மறுபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் போய்ப் பாருங்கள். வாரநாளில் சுறுசுறுப்பாக இருக்கும் நிலைய வாசல் அன்று எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

பணத்தைப் பற்றி. காருக்கான செலவில் பெரும்பகுதி ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் வந்துகொண்டே இருக்கும்: வாங்கிய விலையில் தேய்மானம், காப்பீடு, வரி, பராமரிப்பு, நிறுத்துமிடம். உங்கள் பகுதியில் ஒரு சாதாரணக் காருக்கு ஆண்டுக்கு இவையெல்லாம் எவ்வளவு என்று கூட்டுங்கள். அதில் பாதியைத் தனியாக எடுத்துவைத்து, டாக்சிக்கும் பொருள்களை வீட்டுக்கே வரவழைப்பதற்கும் என்று ஒதுக்கிவிடுங்கள். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், டாக்சிக்குக் கொடுக்கும் பணம் கையை விட்டுப் போவது கண்ணுக்குத் தெரியும், உறுத்தும். அந்த உறுத்தலில் அம்மாவை மருத்துவரிடம் பேருந்தில் இரண்டு வண்டி மாற்றிக் கூட்டிப்போவீர்கள். ஒதுக்கிய பணம் இருந்தால் தயங்க மாட்டீர்கள். ஆனால் டாக்சி கிடைக்குமா என்பதையும் முன்பே பார்க்க வேண்டும். துணைநகரங்களில் காலை பள்ளி நேரத்திலும் நள்ளிரவுக்குப் பிறகும் வண்டி கிடைப்பது கடினமாக இருப்பதைக் கண்டிருக்கிறேன். இரவில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் எந்த எண்ணைக் கூப்பிடுவது, ஆம்புலன்ஸ் எங்கிருந்து வரும், இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை எது என்று குடிபோகும் முன்பே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

சைக்கிளைப் பற்றி நான் அதிகம் சொல்லாததற்குக் காரணம், அது முழுக்க முழுக்க அந்த ஊர்ச் சாலையைப் பொறுத்தது என்பதுதான். பாதுகாப்பான பாதை இருந்தால், முன்னால் பெட்டி வைத்த மின்சார சைக்கிள் ஒன்று காப்பகம், கடை, நிலையம் மூன்றையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும். அப்போது 3 கிலோமீட்டர் தூர வீடுகூடச் சமாளிக்கக்கூடியதாகிவிடும். பாதை இல்லாவிட்டால் குழந்தையை வைத்து ஓட்டச் சொல்லி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அது கணக்கில் அடங்காத விஷயம், ஓட்டப்போகிறவர் ஓட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டியது.

ஆக, உங்கள் நிலையில் நான் என்ன செய்வேன்? போவேன், ஆனால் இரண்டு அறை கூடுதலாக உள்ள அந்த வீட்டுக்கு அல்ல. அது நிலையத்திலிருந்து 2 கிலோமீட்டருக்கு மேல் என்று நீங்கள் எழுதியதிலிருந்து தெரிகிறது. அதே ஊரில் நிலையத்துக்கு 10 நிமிட நடைக்குள், காப்பகமும் மருந்துக்கடையும் வழியிலேயே இருக்கும்படி, ஒரே ஓர் அறை கூடுதலாக உள்ள வீட்டைத் தேடுவேன். அந்த இன்னோர் அறையை விட்டுக்கொடுத்தால் அம்மா தானாக வெளியே போய்வரலாம், மனைவி ஓடிப்போய் ரயிலைப் பிடிக்க வேண்டியதில்லை. வாங்குவதற்கு முன் ஓராண்டு வாடகைக்கு இருந்து பார்ப்பேன். விற்பவர் அவசரப்படுத்துவார், விலை ஏறும் என்பார். ஏறலாம், அதைப் பற்றி நான் எதுவும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் மழைக்காலம், பள்ளி விடுமுறை, ரயில் பராமரிப்பு நாட்கள் எல்லாம் ஒரு சுற்று வந்து போனால்தான் அந்த ஊர் உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரியும். குடிபோவதைப் பள்ளி ஆண்டு தொடங்கும் நேரத்தோடு பொருத்துங்கள். முதல் இரண்டு வாரம் உங்களில் ஒருவர் விடுப்பில் இருங்கள். அம்மாவோடு ஒவ்வோர் இடத்துக்கும் ஒருமுறையாவது போய்வாருங்கள், அதன் பிறகு அவர் தனியாகப் போகத் தயங்க மாட்டார்.

நிலையத்துக்கு அருகில் வீடு கிடைக்கவில்லை, பகலில் பேருந்து மணிக்கு ஒன்றுகூட இல்லை, காப்பகமும் நடைதூரத்தில் இல்லை என்றால் போகாதீர்கள். அப்போது உங்களைச் சுற்றி இருப்பவர்கள் சொல்வது சரி, அந்த ஊரில் கார் வேண்டும். அதே பாதையில் நகரத்துக்கு இரண்டு மூன்று நிலையம் முன்னால், கொஞ்சம் பழைய ஊர் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். ரயில் வந்த பிறகு அதைச் சுற்றி வளர்ந்த ஊராக இருந்தால் கடைத்தெருவும் மருத்துவரும் பள்ளியும் நிலையத்தை ஒட்டியே இருக்க வாய்ப்பு அதிகம். வீடு பழசாக இருக்கும், பெயின்ட் அடிக்க வேண்டியிருக்கும். அந்த ஊரின் பகல்நேரப் பேருந்து அட்டவணை கிடைத்தால் இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.